கணினிப் பாட்டு வைஃபை வழியே பழைய ஆம்ப்ளிஃபயருக்கு: நாள்பட ஓட்டிப் பார்த்ததில்

மேசையில் லினக்ஸ் கணினி, கூடத்தில் பழைய ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர். நடுவில் ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ என்ற கையடக்கக் கணினி (இனி 'பை'), அதில் ஏர்பிளே ஒலியை வாங்கி இசைக்கும் ஷேர்போர்ட் சிங்க் மென்பொருள். பாட்டு கேட்க அருமையான ஏற்பாடு. படம் பார்க்க அரைகுறை. கேமுக்கு ஆகவே ஆகாது. காரணம் ஏர்பிளே, அதாவது வைஃபையில் ஒலி அனுப்பும் ஆப்பிளின் முறை: சுமார் 2 வினாடி ஒலியைச் சேர்த்து வைத்துக்கொண்டுதான் வெளியே விடும்.

இந்தப் பையில் ஹெட்ஃபோன் ஜாக் கிடையாது. டிஜிட்டல் ஒலியை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற அனலாக் ஒலியாக மாற்ற, பிசிஎம்5102ஏ சிப் உள்ள சின்ன டேக் (DAC) போர்டு ஒன்று வேண்டும். போர்டில் பிசிகே (BCK) என்று எழுதியிருப்பது பையின் 12ஆம் பின்னுக்கு, எல்ஆர்சிகே (LRCK) 35க்கு, டின் (DIN) 40க்கு. 5 வோல்ட்டும் கிரவுண்டும் தனி. பலரும் கோட்டைவிடுவது எஸ்சிகே (SCK) பின். அதை கிரவுண்டோடு சேர்த்துப் பற்றவைக்காவிட்டால் சத்தமே வராது, அல்லது கரகரக்கும். சில போர்டுகளில் இதற்கென்றே இரண்டு ஈயப் புள்ளிகள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒரு சொட்டு ஈயம் போதும். பை இந்தப் போர்டை அடையாளம் காண, அதன் பூட் கான்ஃபிக் கோப்பில் ஹைஃபைபெர்ரி டேக் ஓவர்லே (hifiberry-dac) வரியைச் சேர்க்க வேண்டும். பவர் அடாப்டர் 5 வோல்ட், 2.5 ஆம்பியர். மூலையில் கிடக்கும் பழைய போன் சார்ஜரை மாட்டிவிட்டு மென்பொருளைத் திட்டக் கூடாது.

கணினிப் பக்கம் ஒலியைக் கையாளும் பைப்வயரும், நெட்வொர்க்கில் கருவிகளைக் கண்டுபிடிக்கும் அவாஹியும் இருந்தால் சரி. ஏர்பிளே கருவிகளைத் தேடும் மாட்யூலை டெர்மினலில் ஏற்றினால் பையின் பெயர் ஒரு ஸ்பீக்கராக ஒலிப் பட்டியலில் வந்துவிடும். ஆனால் ரீபூட் செய்ததும் காணாமல் போகும். அதே மாட்யூலை பைப்வயர் கான்ஃபிக் ஃபோல்டரில் சிறு கோப்பாக எழுதி வைத்தால் நிலைக்கும். பைப்வயர் அனுப்புவது பழைய ஏர்பிளேதான். இதற்காக மட்டும் ஷேர்போர்ட் சிங்கை ஏர்பிளே 2 வசதியோடு கம்பைல் செய்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பெயர் தெரிகிறது, தேர்ந்தெடுத்தால் சத்தம் இல்லையா? கணினியின் ஃபயர்வாலைப் பாருங்கள். நேரம் ஒத்துப்போக ஸ்பீக்கரும் கணினிக்குப் பேச வேண்டும். யுடிபி போர்ட் 6001, 6002 திறந்திருக்க வேண்டும். பெயரே தெரியாவிட்டால், பெரும்பாலும் கணினி, பை இரண்டில் ஒன்று கெஸ்ட் வைஃபையில் இருக்கும்.

அடுத்தது பாட்டு விட்டுவிட்டுக் கேட்பது. இதுதான் பெரிய தலைவலி, இங்கேதான் எல்லோரும் தவறான இடத்தில் தேடுகிறார்கள். சிடி தரத்தில் 44,100 × 16 × 2, அதாவது வினாடிக்கு சுமார் 14 லட்சம் பிட். எந்த வைஃபைக்கும் இது கொசு. வேகம் போதாமல் அல்ல, பாக்கெட் நேரத்துக்கு வராமல்தான் அறுபடுகிறது. கணினியும் வைஃபை, பையும் வைஃபை என்றால் ஒரே பாக்கெட் ரவுட்டருக்கு ஒரு தரம், அங்கிருந்து ஸ்பீக்கருக்கு ஒரு தரம் என்று இரண்டு முறை காற்றில் போகிறது. கணினியை லேன் கேபிளில் மாட்டினால் பாதிச் சுமை குறையும். ஜீரோ 2 டபிள்யூவுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான். ரவுட்டரில் 1, 6, 11 ஆகியவற்றில் நெரிசல் குறைந்த சேனலை நிலையாக வைத்துவிடுங்கள். மைக்ரோவேவ் அடுப்பு ஓடும்போது பாட்டு திக்கினால் ஆச்சரியப்பட வேண்டாம், அதுவும் அதே அலைவரிசைதான்.

பையின் வைஃபை பவர் சேவிங்கையும் அணைக்க வேண்டும். பையின் வைஃபையைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜரில் இதற்கு மதிப்பு 2. பூஜ்யம் போட்டால் அணையும் என்று தோன்றும். அணையாது, பூஜ்யம் என்றால் இயல்பு நிலை.

வால்யூம் இரண்டு இடத்தில் இருப்பதும் தொல்லை. ஏர்பிளே வால்யூம் மைனஸ் 30 முதல் 0 டெசிபல் வரை. கணினியில் பாதியும் ஆம்ப்ளிஃபயரில் முழுசுமாக வைத்தால் இரைச்சல்தான் பெருகும். ஷேர்போர்ட் சிங்கில் வால்யூமைக் கண்டுகொள்ளாதே என்ற அமைப்பைப் போட்டுவிட்டு ஆம்ப்ளிஃபயர் குமிழையே நம்பலாம். ஆனால் கணினியின் அறிவிப்பு மணியும் அதே சத்தத்தில் கூடம் அதிர ஒலிக்கும். ஸ்பீக்கரை டீஃபால்ட் ஆக்காமல், பாவுகண்ட்ரோல் என்ற ஒலிக் கட்டுப்பாட்டு நிரலில் பாட்டு பிளேயரை மட்டும் அங்கே திருப்பிவிடுவது உத்தமம்.

படத்தில் உதடும் பேச்சும் தானாகப் பொருந்தாவிட்டால் விஎல்சியில் ஜே விசை ஒவ்வொரு தட்டுக்கும் 50 மில்லிவினாடி ஒலியை முன்னே இழுக்கும். 2 வினாடிக்கு 40 தட்டு! எம்பிவி (mpv) பிளேயரில் ஆடியோ டிலே மைனஸ் 2 என்று ஒரே வரியில் முடிந்துவிடும்.

எல்லாம் சரியான பிறகு பையின் ராஸ்பி கான்ஃபிக் அமைப்பு நிரலில், மாற்றங்களை கார்டில் எழுதாமல் நினைவகத்தில் மட்டும் வைக்கும் ஓவர்லே ஃபைல் சிஸ்டத்தைப் போட்டுவிடுங்கள். மின்சாரம் படக்கென்று போனாலும் எஸ்டி கார்டு கெடாது. அப்டேட் செய்யும் அன்று அதை அணைக்க மறந்தால், செய்த மாற்றமெல்லாம் அடுத்த பூட்டில் காணாமல் போகும்.