படித்ததை அப்பாயிக்குச் சொல்லு: ஸ்டோரிவீவரோடு எட்டு மாதம்

மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மகளுக்கு எட்டு வயது. இரண்டாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு, வீட்டிலேயே நானும் அவள் அப்பாவும் சொல்லிக் கொடுக்கிறோம். அந்த முடிவைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன். பிரதம் புக்ஸ் பதிப்பகம் நடத்தும் ஸ்டோரிவீவர் என்ற குழந்தைகள் படக்கதைத் தளத்தைப் போன ஆடிப்பெருக்கிலிருந்து, வயலில் உளுந்து பிடுங்கிக்கொண்டிருக்கும் இந்தப் பங்குனி வரை நாங்கள் எப்படிப் பயன்படுத்தினோம், எதற்கு உதவியது, எதற்கு உதவவில்லை என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

முதலில் எங்கள் பிரச்சினை. மகள் சரளமாக வாசிப்பாள், ழகரம் ளகரம் தவறாது. ஆனால் புத்தகத்தை மூடியதும் "என்னம்மா கதை?" என்று கேட்டால், "ஒரு பையன் ஊருக்குப் போவான், அப்புறம் வந்துடுவான், நல்லாருந்துச்சு" என்பதோடு முடிந்துவிடும். காசு கட்டி ஓர் இணைய வகுப்பில் மூன்று மாதம் சேர்த்துவிட்டோம், பெயர் வேண்டாம். ஒரு பத்தி, கீழே ஐந்து கேள்வி, எல்லாவற்றுக்கும் முழு மதிப்பெண் வாங்கினாள். எனக்கு என்னவோ உறுத்தியதால் ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். "குமார் எங்கே சென்றான்?" என்று கேள்வி இருந்தால், பத்தியில் "சென்றான்" எங்கே இருக்கிறது என்று விரல் வைத்துத் தேடி அந்த வரியை அப்படியே எடுத்து எழுதுகிறாள். "ஏன்" என்று கேட்டால் "ஆல்" என்று முடியும் சொல்லைத் தேடுகிறாள். பத்தியை அவள் படிக்கவே இல்லை, படிக்காமலே முழு மதிப்பெண் வாங்க அந்த மூன்று மாதத்தில் கற்றுக்கொண்டிருக்கிறாள். எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை.

அப்புறம்தான் கேள்வியே கேட்காமல், படித்ததைத் திருப்பிச் சொல்லச் சொல்லும் முறைக்கு மாறினோம். இங்கிலாந்தைச் சேர்ந்த கல்வியாளர் சார்லட் மேசன் (1842–1923) வலியுறுத்திய முறை இது, வீட்டுக்கல்விப் பெற்றோர் நிறையப் பேர் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஒரே ஒரு தடவை வாசிப்பது, பிறகு குழந்தை தன் சொற்களில் சொல்வது, சொல்லி முடிக்கிற வரை பெரியவர்கள் குறுக்கே பேசாமல் இருப்பது. ஆறு வயதுக்கு முன்னால் இதைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அவர் சொன்னதுதான். முறை எளிது. ஆனால் தினமும் புதிதாக, சின்னதாக, அவள் வயதுக்குத் தமிழில் கதைக்கு எங்கே போவது? எங்கள் அலமாரியில் இருந்தது பதினான்கு புத்தகம். அதை அவள் மனப்பாடமாகவே சொல்வாள்.

ஸ்டோரிவீவர் அங்கேதான் கை கொடுத்தது. 2015இல் தொடங்கிய தளம், படிக்கக் காசு கிடையாது, தமிழ் உட்பட நிறைய மொழிகளில் படக்கதைகள் இருக்கின்றன. நான்கு நிலைகளாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வாசிக்கத் தொடங்கும் குழந்தைக்கு முதல் நிலை, தெரிந்த சொற்களை அடையாளம் கண்டு புதியதை உதவியோடு வாசிப்பவர்களுக்கு இரண்டு, தானாகவே வாசிப்பவர்களுக்கு மூன்று, தேர்ந்தவர்களுக்கு நான்கு. கதைகளை இறக்கி அச்செடுத்துக்கொள்ளலாம், உரிமமே அதற்கு இடம் கொடுக்கிறது, எழுதியவர் வரைந்தவர் பெயரைக் குறிப்பிட்டால் போதும். எங்கள் வீட்டில் சிக்னல் திண்ணையில் மட்டும்தான் வரும், அதனால் வாரத்துக்கு ஒரு முறை இறக்கி வைத்துக்கொண்டு, மன்னார்குடி போகும்போது ஜெராக்ஸ் கடையில் கறுப்பு வெள்ளையில் எடுத்து, நூல் போட்டுத் தைத்துவிடுவேன். போனில் படித்தால் படத்தைத் தள்ளித் தள்ளி ஓடிவிடுகிறாள், காகிதத்தில் நின்று பார்க்கிறாள். இது என் மகளுக்கு, உங்கள் பிள்ளைக்கு வேறு மாதிரி இருக்கலாம்.

நிலை எண்ணைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சரளமாக வாசிக்கிறாளே என்று நான் மூன்றாம் நிலையில் ஆரம்பித்தேன். தவறு. இரண்டுக்கு இறங்கினோம், சொல்வது தடுமாறிய சில நாட்களில் ஒன்றுக்கே போனோம். வாசிக்கிற நிலை வேறு, திருப்பிச் சொல்கிற நிலை வேறு.

அவள் சொல்வதை உட்கார்ந்து கேட்க ஆரம்பித்த பிறகுதான் சிக்கல் எங்கே இருக்கிறது என்பது எனக்கே புரிந்தது. "மழை பெய்தும் அவன் குடையை எடுத்துச் செல்லவில்லை" என்கிற மாதிரி ஒரு வரி. கொஞ்சமும் பிசகாமல் வாசித்தாள். சொல்லும்போது, "மழ பேஞ்சுது, அதனால கொட எடுத்துட்டுப் போகல" என்றாள். "பெய்தும்" என்பதில் இருக்கிற அந்த ஒரு "உம்" அவளுக்குப் பிடிபடவில்லை, கதையே தலைகீழாகிவிட்டது. "சந்தையிலிருந்து திரும்பிய அக்கா கொடுத்த பழம்" என்று வந்தால் யார் திரும்பியது, யார் கொடுத்தது என்பதில் குழப்பம். "எனினும்", "ஆகவே" எல்லாம் அவளுக்கு வெறும் சத்தம். இதையெல்லாம் ஐந்து கேள்வித் தாள் எனக்குக் காட்டவே இல்லை. நாம் பேசுகிற தமிழுக்கும் புத்தகத் தமிழுக்கும் நடுவில் இவ்வளவு தூரம் இருப்பதால், புத்தகத்தில் படித்ததைப் பேச்சுத் தமிழில் சொல்ல வைப்பதுதான் நம் பிள்ளைகளுக்குப் பெரிய பயிற்சி என்று நான் நினைக்கிறேன். வாசித்ததை அதே நடையில் ஒப்பித்தால் புரிந்ததா இல்லையா தெரியாது. "சென்றான்" என்பதை "போனான்" என்று மாற்றிச் சொல்ல வேண்டுமென்றால் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். அதனால் தயவு செய்து "நல்ல தமிழ்ல சொல்லு" என்று இந்த இடத்தில் திருத்தாதீர்கள். நான் ஒரு மாதம் திருத்திக் கெடுத்தேன்.

இன்னொரு மாற்றம், கேட்பவரை மாற்றியது. எனக்குக் கதை தெரியும் என்பது அவளுக்குத் தெரியும், அதனால் பாதியை விழுங்கிவிடுவாள். என் மாமியாருக்கு, அதாவது அவள் அப்பாயிக்கு, எழுதப் படிக்கத் தெரியாது. சாயங்காலம் முறத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, "அப்பாயிக்குப் போய்ச் சொல்லு" என்று அனுப்பிவிட்டேன். கதைகளோடு அறிவியல், இயற்கை பற்றிய புத்தகங்களும் தளத்தில் உண்டு, அன்றைக்குத் தவளை எப்படி வளர்கிறது என்பது பாடம். எங்கள் வாய்க்காலிலும் நாற்றங்காலிலும் தலைப்பிரட்டை பார்த்தே வளர்ந்தவள், உற்சாகமாக ஆரம்பித்தாள். "மொதல்ல பின்னங்காலு மொளைக்கும் அப்பாயி, அப்புறந்தான் முன்னங்காலு, கடசியா வாலு போயிடும்." அப்பாயி முறத்தை நிறுத்திவிட்டு, "வாலு எங்க போவும்? உதுந்துடுமா?" என்று கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரிய வேண்டியிருந்தது. மகளுக்குப் பதில் தெரியவில்லை. உள்ளே ஓடினாள், காகிதத்தை எடுத்தாள், தானாகவே அந்தப் பக்கத்தை மறுபடி படித்தாள், திரும்ப ஓடினாள். "உதுராது அப்பாயி, சுருங்கிச் சுருங்கி அது ஒடம்புக்குள்ளயே போயிடும்!" யாரும் சொல்லாமல் ஒரு பத்தியைத் திரும்பப் படிக்கப் போனது அதுதான் முதல் தடவை. நான் அடுக்களையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், கண் கலங்கிவிட்டது.

தளத்தைப் பற்றி நீங்கள் யோசிக்க வேண்டியதும் சில உண்டு. தமிழில் கிடைப்பதில் நிறைய மொழிபெயர்ப்புகள். யார் வேண்டுமானாலும் பதிவு செய்துகொண்டு மொழிபெயர்த்து வெளியிடலாம் என்பதுதான் இந்தத் தளத்தின் அமைப்பே, அதனால் எல்லாக் கதையும் ஒரே சீரான தமிழில் இருக்கும் என்று எதிர்பார்க்காமல் முதலில் நீங்கள் ஒரு தடவை படித்துவிட்டுக் கொடுங்கள். எனக்கு ஒரு கதைக்கு ஐந்து நிமிடம்தான் ஆகிறது. குரலோடு சேர்ந்து எழுத்து ஒளிரும் காணொளிப் புத்தகங்களும் உண்டு, வாசிக்கவே திணறும் பிள்ளைக்கு அது நல்லது. என் மகளுக்கு நான் கொடுக்கவில்லை, கேட்டுவிட்டுச் சொல்வது அவளுக்கு முன்பே வரும். கூடவே, பக்கத்து வீட்டுப் பையன் அரசுப் பள்ளியில் படிக்கிறான், தமிழக அரசின் வாசிப்பு இயக்கத்தில் கொடுக்கும் நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்த குட்டிப் புத்தகங்களை வாங்கி வந்து தருவான். அவையும் திருப்பிச் சொல்ல அளவான நீளம்.

எட்டு மாதத்தில் எது மாறியது? முன்பெல்லாம் "அப்புறம், அப்புறம்" என்றே போகும் கதையில் இப்போது "ஏன்னா", "இருந்தாலும்" எல்லாம் வருகின்றன. "இருந்தாலும்" வந்த அன்று நாட்காட்டியில் குறித்து வைத்தேன். நடந்ததை வரிசையாகச் சொல்கிறாள். ஆனால் கதையில் ஒருவர் வாய்விட்டுச் சொல்லாத வருத்தத்தை, கோபத்தை இன்னும் பிடிக்க மாட்டேன் என்கிறாள். எழுத்தும் அப்படியேதான் இருக்கிறது, வாயால் ஐந்து நிமிடம் சொல்பவள் எழுதச் சொன்னால் மூன்று வரியோடு எழுந்துவிடுகிறாள். அதை ஸ்டோரிவீவர் தானாகச் சரிசெய்யாது, நாமும் அவசரப்படக் கூடாது என்று விட்டிருக்கிறேன்.

இப்போது நாங்கள் பயன்படுத்துவது தளத்தின் இன்னொரு பகுதியை. அங்கேயே இருக்கும் படங்களை எடுத்து நாமே கதை எழுதலாம். பாமணியாற்றில் தண்ணீர் வந்த நாளை அவள் சொல்லச் சொல்ல நான் தட்டச்சு செய்கிறேன். ஆறு பக்கம் ஆகியிருக்கிறது. நேற்று முதல் இரண்டு பக்கத்தை அப்பாயிக்கு வாசித்துக் காட்டினாள். "தண்ணி வர்றன்னிக்கு மொதல்ல நொரையும் சருகுந்தான வரும், அத எங்கடி காணும்?" என்று கேட்டுவிட்டார், இன்று காலை அந்தப் பக்கத்தைத்தான் மறுபடி எழுதிக்கொண்டிருக்கிறோம்.