வீட்டுல கேட்ட டோன் மேடையில எங்க போகுது? கட்டானா, முஸ்டாங், டிஎச்ஆர், கேட்டலிஸ்ட் கிட்டார் ஆம்ப்: எது யாருக்கு

அக்கா பையன் போன வாரம் போன் பண்ணி, "மாமா, வீட்டுலயும் கிட்டார் வாசிக்கணும், ஞாயித்துக்கிழமை சர்ச்லயும் வாசிக்கணும், காலேஜ் கல்ச்சுரல்ஸும் வருது, பாஸ் கம்பெனி கட்டானா ஆம்ப் வாங்கவா, யமஹா டிஎச்ஆர் வாங்கவா, ஒரே வார்த்தைல சொல்லுங்க"ன்னான். ஒரு வார்த்தைல முடியாதுடான்னு ஆரம்பிச்சு முக்கால் மணி நேரம் பேசிட்டேன். அப்ப பேசுனதோட, பேச விட்டுப்போனதையும் சேர்த்து இங்க எழுதுறேன், ஏன்னா இந்தக் கேள்வி எங்கிட்ட மாசத்துக்கு ரெண்டு பேராவது கேக்குறாங்க, கேக்குற எல்லாருமே "எதுல எத்தனை ஆம்ப் மாடல் இருக்கு"ன்னுதான், அதாவது எத்தனை பிரபல ஆம்போட சத்தத்தை அது காப்பியடிக்கும்னுதான் ஆரம்பிக்கிறாங்க, அது கடைசியா பாக்க வேண்டிய விஷயம்.

முதல்ல என் அனுபவம் ஒண்ணு. ஒரு கல்யாண ரிசப்ஷன் கச்சேரி. ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரியா உக்காந்து ரூம்ல மெல்லிசா வச்சு டோன் செட் பண்ணியிருந்தேன், பேஸ் (அடி சத்தம்) நல்லா ஏத்தி, மிட் (நடு சத்தம்) குறைச்சு, ட்ரெபிள் (கீச்சு சத்தம்) ஏத்தி, ரிவர்ப் (எதிரொலி) தாராளமா. ரூம்ல கேக்க அவ்ளோ அழகா இருந்துச்சு. மேடையில டிரம்ஸ், பேஸ் கிட்டார், ரெண்டு கீபோர்டு, டோலக், ரிதம் பேட் எல்லாம் சேர்ந்ததும் என் கிட்டார் எங்க போச்சுன்னே தெரியல. சவுண்ட் பாக்குற தம்பி நாலாவது பாட்டுல வந்து "அண்ணே, வெளிய கிட்டார் வரவே இல்லண்ணே, ஏத்துனா கொழகொழன்னு ஆகுது"ன்னான். ஆம்ப் மேல தப்பே இல்ல. 1933லயே பெல் லேப்ஸ்ல ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து காட்டுன விஷயம் இது, சத்தம் கம்மியா இருக்கும்போது நம்ம காதுக்கு அடி சத்தமும் கீச்சு சத்தமும் சரியா கேக்காது, அதனால நாம அதை ரெண்டையும் ஏத்தி வைக்கிறோம், அதே செட்டிங்கை மேடை சத்தத்துக்குக் கொண்டு போனா பேஸ் பூதம் மாதிரி வீங்கிடும், ட்ரெபிள் காதைக் குத்தும். கிட்டாரோட அடி இ கம்பியே 82 ஹெர்ட்ஸ்தான், அந்த ஏரியா பேஸ் கிட்டாருக்கும் கிக் டிரம்முக்கும் சொந்தம், அங்க போய் நாம சண்டை போட்டா தோக்குறது நாமதான். கிட்டாரோட இடம் மிட். அன்னைக்கு நான் குறைச்சு வச்சது அந்த மிட்டைத்தான்.

அதனால என் முதல் கேள்வி, இந்த ஆம்ப்ல வீட்டுக்கு ஒரு செட்டிங், மேடைக்கு ஒரு செட்டிங்னு தனித்தனியா சேவ் பண்ணி வைக்க முடியுமா? ரெண்டாவது, சத்தம் மிக்ஸருக்கு, அதாவது எல்லா வாத்தியத்தையும் சேர்த்து வெளி ஸ்பீக்கருக்கு அனுப்புற சவுண்ட் செட்டு மேசைக்கு, எப்படிப் போகும்? மூணாவது, ஸ்பீக்கர் என்ன வகை? வாட்ஸ் அதுக்கு அப்புறம்தான். 50 வாட்ஸ் வாங்கவா 100 வாங்கவான்னு ராத்திரி தூக்கம் கெடுறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன், வாட்ஸ் டபுள் ஆனா ஏறுறது வெறும் 3 டெசிபெல், காதுக்கு "ரெண்டு மடங்கு சத்தம்"னு தோணணும்னா கிட்டத்தட்ட 10 மடங்கு வாட்ஸ் வேணும். 100 வாட்ஸ் மாடலை எடுக்குறதுக்குக் காரணம் சத்தம் இல்ல, அதுல கூடுதலா வர்ற சாக்கெட்டுங்கதான், அதுக்கு வர்றேன்.

ஸ்பீக்கர் விஷயத்தைக் கொஞ்சம் விவரமா சொல்லணும், கடையில யாரும் சொல்றதில்ல. மாடலிங் ஆம்ப்னா உள்ள என்ன நடக்குது? கிட்டார் சிக்னலை நம்பரா மாத்தி, ஒரு டியூப் ஆம்போட (கண்ணாடி வால்வுல ஓடுற பழைய ரகம்) ப்ரீஆம்ப், டோன் கன்ட்ரோல், பவர் ஆம்ப் எப்படி நடந்துக்குமோ அதைக் கணக்கு போட்டு, திரும்ப சத்தமா வெளிய விடுது. ஆனா கிட்டார் டோன்ல பாதி வேலை ஸ்பீக்கர் பெட்டியோடது. 12 இன்ச் கிட்டார் ஸ்பீக்கர் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல சத்தத்தை மளமளன்னு இறக்கிடும், அதனாலதான் டிஸ்டார்ஷன் (வேணும்னே உடைச்சு விடுற ராக் சத்தம்) கரகரன்னு இல்லாம உருண்டையா கேக்குது. கட்டானா, கேட்டலிஸ்ட் இதுல எல்லாம் நிஜமாவே 12 இன்ச் ஸ்பீக்கர் இருக்கு, அந்த வேலையை அதுவே பார்த்துக்கும். டிஎச்ஆர், பாசிட்டிவ் கிரிட் ஸ்பார்க் மாதிரி சின்னப் பெட்டில இருக்குறது பாட்டு கேக்குற ஸ்டீரியோ மாதிரி ஸ்பீக்கர், அங்க பெட்டியையும் கணக்கு போட்டுத்தான் காட்டுறாங்க. முதல் வகை ரூம்ல ஒரு ஆம்ப் நிக்குற மாதிரி இருக்கும். ரெண்டாவது வகை, ரெக்கார்டிங்ல கேட்ட கிட்டாரைத் திரும்பக் கேக்குற மாதிரி இருக்கும். எது உசத்தின்னு இல்ல, ரெண்டும் வேற வேற, ஆனா மேடையில டிரம்ஸ் பக்கத்துல நின்னு காத்தைத் தள்ளணும்னா முதல் வகைதான்.

இப்ப ஆம்ப்புக்கு வருவோம்.

கட்டானா 2016ல வந்துச்சு, 2019ல மார்க் 2, 2024ல ஜென் 3. எனக்கு இதுல ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒரு சின்ன பவர் ஸ்விட்ச், 50 வாட்ஸ் மாடல்ல 0.5, 25, 50னு மூணு படி, 100 வாட்ஸ் மாடல்ல 0.5, 50, 100. அரை வாட்ல வச்சா பக்கத்து வீட்டு குழந்தை தூங்கும்போது கூட வாசிக்கலாம், வால்யூம் குமிழை நல்லா திருப்பி வச்சுக்கலாம், டோன் சுருங்கிப் போன மாதிரி இருக்காது. சில மாடலிங் ஆம்ப்ல வால்யூம் குமிழ் ஒரு மயிரிழை நகர்ந்தா ஒண்ணுமே இல்லாததுல இருந்து ஊரைக் கூட்டுற சத்தத்துக்குத் தாவிடும், ஃபிளாட்ல இருக்குறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய தொல்லைன்னு தெரியும். மார்க் 2ல அகூஸ்டிக், க்ளீன், க்ரன்ச், லீட், பிரவுன்னு அஞ்சு கேரக்டர் (ஆம்ப் ரகம்), ஒவ்வொண்ணுக்கும் ஒரு வேரியேஷன், ஜென் 3ல புஷ்டுன்னு ஒண்ணு சேர்த்தாங்க. எண்ணிக்கை கம்மியா தெரியும், ஆனா குமிழைத் திருப்புனா உடனே சத்தம் மாறும், ஸ்கிரீன் பார்க்க வேண்டாம், மெனுக்குள்ள போக வேண்டாம். மேடை இருட்டுல, ரெண்டு பாட்டுக்கு நடுவுல பத்து செகண்ட்ல, இதுதான் கை கொடுக்கும். பாஸ் கம்பெனி பெடல் (காலால மிதிச்சு சத்தத்தை மாத்துற பெட்டி) எஃபெக்ட்ஸ் எல்லாம் உள்ளயே இருக்கு, ஆனா ஆழமா மாத்தணும்னா கம்ப்யூட்டர்ல யூஎஸ்பி போட்டு டோன் ஸ்டுடியோ சாஃப்ட்வேர் திறக்கணும், மார்க் 2க்கு பாஸோட போன் ஆப் கிடையாது, ஜென் 3ல தனியா ஒரு ப்ளூடூத் அடாப்டர் வாங்கி மாட்டுனா போன்ல பண்ணலாம். தனியா வாங்க வச்சது எனக்குப் பிடிக்கல.

மார்க் 2ல 50க்கும் 100க்கும் நிஜ வித்தியாசம் இதுதான்: 50ல நாலு மெமரிதான், 100ல எட்டு. 50ல ஹெட்போன் ஜாக்கும் ரெக்கார்டிங் ஜாக்கும் ஒண்ணே, அதுல எதையாவது செருகுனா ஸ்பீக்கர் நின்னுடும், அப்ப மேடையில மிக்ஸருக்கும் அனுப்பி ஸ்பீக்கர்லயும் கேக்க முடியாது, மைக்தான் வைக்கணும். 100ல எஃபெக்ட்ஸ் லூப் (வெளிப் பெடலை ஆம்புக்கு நடுவுல இணைக்கிற சாக்கெட்டு) இருக்கு, காலால மிதிச்சு செட்டிங் மாத்துற பாஸோட ஜிஏ-எஃப்சி ஃபுட் கன்ட்ரோலர் நேரா மாட்டலாம். மாசம் ஒரு தடவையாவது மேடை ஏறுறவங்க 100 எடுங்க, இல்லன்னா 50 போதும், நிஜமா போதும்.

மைக் வைக்கிறதைப் பத்தி பயப்பட வேண்டாம். எந்த சவுண்ட் செட்டுலயும் ஒரு எஸ்எம்57 இல்லன்னா அது மாதிரி ஒரு மைக் இருக்கும், ஸ்பீக்கர் துணிக்கு ஒட்டி, நட்ட நடுவுல இல்லாம கொஞ்சம் ஓரமா வச்சா போதும். ஆம்பைத் தரையில வச்சு வாசிக்காதீங்க, சத்தம் உங்க முட்டிக்காலுக்குத்தான் கேக்கும், ஒரு பிளாஸ்டிக் சேர் மேல வச்சு லேசா மேல சாய்ச்சு விடுங்க, இந்த ஒரு காரியத்துக்கு அப்புறம் நான் வால்யூமைப் பாதியா குறைச்சேன்.

ஃபெண்டர் முஸ்டாங் ஜிடிஎக்ஸ் 100க்கு வந்தா, மனசு ரெண்டா பிரியுது. மிக்ஸருக்குப் போற வழி இதுல கட்டானாவை விட சுத்தம், பின்னாடி பேலன்ஸ்டு எக்ஸ்எல்ஆர் லைன் அவுட் (மிக்ஸருக்கு நேரா அனுப்புற சாக்கெட்டு) ரெண்டு இருக்கு, மைக் கேபிளை நேரா செருகி முப்பது மீட்டர் தள்ளி இருக்குற மிக்ஸருக்கு அனுப்பலாம், இரைச்சல் ஏறாது. ஏழு பட்டன் ஃபுட்ஸ்விட்ச் கூடவே வருது. 12 இன்ச் செலஸ்டியன் ஸ்பீக்கர், எடை 10 கிலோ சுமார்தான், பைக்ல பின்னாடி ஒருத்தர் மடியில வச்சுட்டுப் போகலாம். வைஃபைல அப்டேட் ஆகும், ப்ளூடூத்ல பாட்டு போட்டு கூட வாசிக்கலாம், ஃபெண்டர் டோன் ஆப் போன்லயே. க்ளீன் டோன் கேட்டா ஃபெண்டர் ஃபெண்டர்தான், ட்வின், டீலக்ஸ்னு அவங்க பழைய ஆம்ப்களோட அந்த மணிச்சத்தம், மெலடி பாட்டுக்கு ஆர்பீஜியோ (கார்டை ஒவ்வொரு கம்பியா பிரிச்சு) வாசிக்கிறவங்க கேட்டுட்டு எழுந்து வர மாட்டாங்க. ஆனா 200 ப்ரீசெட் (சேவ் பண்ணி வச்ச செட்டிங்) இருக்குற இடத்துல ஒரு எஃபெக்ட்டை மாத்த ஸ்கிரீன்ல தேடிப் போகணும். வீட்டுல சாவகாசமா உக்காந்து எல்லாம் செஞ்சு வச்சுட்டு, மேடையில மிதிக்க மட்டும் செய்யுற ஆளா இருந்தா இதுதான் உங்களுக்கு. என்னை மாதிரி போற போக்குல குமிழ் திருப்புற ஆளுக்குக் கொஞ்சம் கஷ்டம். புதுசா கத்துக்கிற பசங்களுக்கு இதே குடும்பத்துல எல்டி25 இருக்கு, 25 வாட்ஸ், 8 இன்ச் ஸ்பீக்கர், வீட்டுக்கு மட்டும், அந்த வேலைக்கு அது தாராளம்.

டிஎச்ஆர் மேல எனக்குத் தனி பாசம், அதை மறைக்கல. 2011ல முதல் டிஎச்ஆர் 10 வந்தப்பதான் "வீட்டு ஆம்ப்னா பெரிய ஆம்போட குட்டி இல்ல, வீட்டுக்குன்னே தனியா ஒண்ணு"ன்னு யோசிச்சாங்கன்னு எனக்குத் தோணுச்சு. டிஎச்ஆர் 2 வரிசையில ரெண்டு சின்ன ஸ்பீக்கர் ஸ்டீரியோவா, 10ல மொத்தம் 20 வாட்ஸ், 30ல 30 வாட்ஸ். படுக்கை பக்கத்து டேபிள்ல வச்சு டிவி சத்தத்துக்கும் கீழ வாசிச்சாலும் டோன் முழுசா இருக்கும், இந்த அலசல்ல இருக்குற வேற எதுவும் அந்த சத்தத்துல இதுகிட்ட வராது, இதை நான் பக்கத்துல பக்கத்துல வச்சு கேட்டுட்டுதான் சொல்றேன். வயர்லெஸ் மாடல்ல சார்ஜ் ஆகுற பேட்டரி உள்ளயே இருக்கு, லைன் 6 ரிலே ஜி10டி ட்ரான்ஸ்மிட்டருக்கு ரிசீவரும் உள்ளயே இருக்கு (லைன் 6 கம்பெனியையே யமஹா வாங்கிடுச்சு, அதனாலதான் இந்தப் பொருத்தம்), கரண்ட் போனாலும் மொட்டை மாடில உக்காந்து வாசிக்கலாம். யூஎஸ்பில கம்ப்யூட்டருக்குப் போட்டா ரெக்கார்டிங் இன்டர்ஃபேஸும் அதுவே. ஆனா டிரம்ஸ் இருக்குற இடத்துக்கு இதைத் தனியா தூக்கிட்டுப் போகாதீங்க, பாவம் அது. 30ல மட்டும் லைன் அவுட் இருக்கு, அதை மிக்ஸருக்குக் கொடுத்து, பெட்டியை உங்க பக்கத்துல மானிட்டர் மாதிரி வச்சுக்கலாம், சர்ச்சு மாதிரி மேடை சத்தம் அடக்கமா இருக்குற இடத்துல இது நல்லாவே நடக்கும். 10ல லைன் அவுட் கிடையாது, அதை வாங்கிட்டு மேடைக்கு யோசிக்காதீங்க. விலை மட்டும் மனசை உறுத்தும், வயர்லெஸ் 30 எடுக்குற காசுக்கு கட்டானா 50 எடுத்து மிச்சமும் பார்க்கலாம்.

ஸ்பார்க் 40 பத்தி சுருக்கமா சொல்றேன். நீங்க ஏதாவது ஸ்ட்ரம் பண்ணா ஆப் அதுக்கு டிரம்ஸும் பேஸும் சேர்த்துக் கூட வாசிக்கும், பாட்டுக்கு கார்டு கண்டுபிடிச்சுக் காட்டும், தனியா வீட்டுல கத்துக்கிற பசங்க இதனாலயே தினமும் கிட்டாரை எடுக்குறாங்க, அது பெரிய விஷயம். ஆனா ஆப்பைச் சார்ந்தே இருக்கு, முதல் மாடல்ல மிக்ஸருக்கு லைன் அவுட்டே இல்ல. மேடைக் கணக்குல சேர்க்கல.

லைன் 6 கேட்டலிஸ்ட் 60ஐ யாரும் கேக்குறதே இல்ல, அதுதான் எனக்கு வருத்தம். 1996ல ஆக்ஸ்சிஸ் 212ன்னு டிஜிட்டல் மாடலிங் ஆம்பை முதல்ல கொண்டு வந்த கம்பெனி, அப்புறம் வந்த ஸ்பைடர் வரிசைல கொசு கத்துற மாதிரி டிஸ்டார்ஷன்னு பேர் கெட்டுப் போச்சு, அந்தப் பேரை வச்சே 2021ல வந்த கேட்டலிஸ்டையும் ஒதுக்குறாங்க. இது வேற ரகம். ஆறே ஆறு ஆம்ப், எல்லாத்துக்கும் குமிழ், 12 இன்ச் ஸ்பீக்கர், கட்டானா மாதிரியே அரை வாட் வரைக்கும் இறக்குற ஸ்விட்ச், கூடவே முஸ்டாங் மாதிரி எக்ஸ்எல்ஆர் அவுட், அதுல ஸ்பீக்கர் பெட்டி சத்தமும் கணக்கு போட்டே வரும், எஃபெக்ட்ஸ் லூப்பும் இருக்கு. கட்டானா 50ல இல்லாதது ரெண்டும் இதுல இருக்கு. எஃபெக்ட்ஸ் வகை மட்டும் கட்டானா அளவுக்கு இல்ல, ஏற்கனவே பெடல் வச்சிருக்குறவங்களுக்கு அது குறையே இல்ல. பழசு நல்ல நிலையில கிடைச்சா யோசிக்காம எடுங்க.

இதெல்லாம் விட்டுட்டு ஒரே ஒரு க்ளீன் டோன்தான் என் வாழ்க்கைன்னு இருக்குறவங்களுக்கு ஃபெண்டர் டோன் மாஸ்டர் இருக்கு, டியூப் ட்வின் ரிவர்ப் 29 கிலோ, இது 15 கிலோ, முதுகு வாழ்த்தும். ஆனா பட்ஜெட்டே வேற.

எதை எடுத்தாலும் ஒரு வேலை செய்யுங்க. ரிகர்சல்ல முழு பேண்டோட, மேடை சத்தத்துல, மேடைக்குன்னு தனியா ஒரு மெமரி செட் பண்ணுங்க. பேஸை பாதிக்குக் கீழ, மிட்டை பாதிக்கு மேல, கெயினை (டிஸ்டார்ஷன் அளவு) வீட்டுல வச்சதை விட ரெண்டு கோடு கம்மியா, ரிவர்ப்பை கிட்டத்தட்ட மூடி. தனியா கேட்டா அசிங்கமா, மூக்கால பாடுற மாதிரி இருக்கும். டிரம்ஸ் அடிக்க ஆரம்பிச்சதும் அதே டோன் கத்தி மாதிரி வெட்டிட்டு வெளிய வரும்.

பையன் விஷயத்துக்கு வர்றேன். அவன் இருக்குறது ரெண்டாவது மாடி வாடகை வீடு, கீழ வீட்டு ஓனர். சர்ச்சுல எக்ஸ்எல்ஆர் கேபிள் ஆல்டர் பக்கம் வரைக்கும் ஏற்கனவே இழுத்து வச்சிருக்காங்க, அங்க மேடைல சத்தம் ஏறக்கூடாதுன்னு பாதர் கண்டிப்பா சொல்லியிருக்கார். பெடல் மூணு வச்சிருக்கான். அதனால நான் கேட்டலிஸ்ட் 60ன்னு சொன்னேன். அவனுக்கு கட்டானா ஆசை விடல. "சரி, ரெண்டையும் ஒரே கிட்டாரோட, அரை வாட்ல வச்சுக் கேளு, அப்புறம் பேண்டோட ஒரு தடவை கேளு, கண்ணை மூடிட்டு கேளு"ன்னேன். சனிக்கிழமை போறோம், அவனோட டெலிகாஸ்டரைத்தான் எடுத்துட்டு வரச் சொல்லியிருக்கேன், கடை கிட்டார்ல கேட்டா கணக்கு தப்பும்.