கை ஒத்துழைக்காதவருக்கு எந்த வீடியோ கேம் கன்ட்ரோலர்?

2018இல் வந்த எக்ஸ்பாக்ஸ் அடாப்டிவ் கன்ட்ரோலரில் கண்ணில் படுவது இரண்டு பெரிய வட்ட பட்டன்கள். முழங்கையால் அழுத்தினாலும் வேலை செய்யும். விஷயம் பின்பக்கத்தில் இருக்கிறது: வரிசையாக 19 துளைகள், பழைய ஹெட்போன் பின் அளவில். காலால் மிதிக்கும் ஸ்விட்ச், தலையால் தட்டும் ஸ்விட்ச் என்று உடம்பில் எது அசைகிறதோ அதற்கேற்றதைச் செருகலாம். ஜாய்ஸ்டிக்கைத் தனியே வாங்க வேண்டும், செலவு ஏறும்.

சோனியின் ஆக்சஸ் (2023) ஜாய்ஸ்டிக்கோடு வருகிறது. வட்டத்தைச் சுற்றி 8 பட்டன்கள், நடுவில் ஒன்று. பட்டன் மூடிகளைக் கழற்றி மாற்றலாம். எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் 'மேல்' எதுவென்று நாமே சொல்லிக்கொள்ளலாம், அருமையான யோசனை! துளைகள் நான்குதான்.

விரல்கள் ஓரளவு அசைந்தால் ஆக்சஸ். கையே தூக்க முடியாதென்றால், யோசிக்காமல் எக்ஸ்பாக்ஸ்.