போகாச்சாரா, விங்கெகோரா, எவனெபூலா: அடுத்த ஐந்து வருடம் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை விடிவதற்குள் முட்டுக்காடு பாலத்தைத் தாண்டி, கோவளத்தில் டீக்கு நிறுத்தினால், எங்கள் சைக்கிள் கூட்டத்தில் பேச்சு தானாக டூர் டி பிரான்ஸ் பக்கம் போய்விடும். ஜூலையில் மூன்று வாரம் பிரான்ஸில் நடக்கும் சைக்கிள் பந்தயம் அது. இப்போது மார்கழி. 2025 பருவம் முடிந்து பந்தயமே இல்லாத மாதம். அதனால் நடந்ததைவிட நடக்கப்போவதைப் பற்றித்தான் சண்டை. போன வாரம் தம்பி ஒருவன் டம்ளரைக் கீழே வைக்காமலே ஆரம்பித்தான்: "2024ல விங்கெகோருக்கு அந்த விபத்து மட்டும் இல்லன்னா, அந்த வருஷ டூரும் அவருக்குத்தான் அண்ணா. போகாச்சாருக்கு இவ்வளவு பேரே வந்திருக்காது."

நியாயமான வாதம்தான். ஆனால் எனக்கு அது சரியாகப் படவில்லை. ஏன் என்பதை ஸ்லோவேனியாவின் போகாச்சார், டென்மார்க்கின் விங்கெகோர், பெல்ஜியத்தின் எவனெபூல் மூன்று பேரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பார்க்கிறேன்.

முதலில் ஒன்று. ஒரு பெரிய வெற்றியை மட்டும் வைத்து ஆருடம் சொன்னவர்கள் பலமுறை ஏமாந்திருக்கிறார்கள். 1997ல் யான் உல்ரிச் 23 வயதில் ஒன்பது நிமிடத்துக்கும் மேல் வித்தியாசத்தில் டூரை ஜெயித்தபோது, இன்னும் பத்து வருடம் இவர் ராஜ்யம்தான் என்றார்கள். அப்புறம் அவர் ஒரு டூர் கூட ஜெயிக்கவில்லை. இரண்டாம் இடத்தோடு சரி. 2019ல் 22 வயது ஏகன் பெர்னாலைப் பற்றியும் அப்படித்தான் பேசினோம். 2021ல் இத்தாலியின் மூன்று வாரப் பந்தயமான ஜிரோவையும் வென்றார். 2022 ஜனவரியில் பயிற்சியின்போது கொலம்பியாவில் ஒரு பேருந்தின் பின்னால் மோதினார், அதோடு கதை மாறிவிட்டது. அதனால் நான் ஜெயித்த நாளைப் பார்ப்பதில்லை. தோற்றதற்கு அடுத்த வருடம் என்ன மாற்றிக்கொண்டு வந்தார் என்று பார்க்கிறேன்.

அந்தக் கணக்கில் போகாச்சாருக்குப் பக்கத்தில் யாரும் இல்லை.

ஓட்டாகாம் என்று பிரெனே மலையில் ஒரு ஏற்றம். 2022ல் அங்கேதான் விங்கெகோர் போகாச்சாரை ஒரு நிமிடத்துக்கு மேல் பின்தள்ளி டூரை முடித்துவைத்தார். 2025ல் அதே மலை, அதே இருவர். முந்தின நாள் துலூஸ் நகருக்குள் நுழையும்போது போகாச்சார் கீழே விழுந்திருந்தார். முழங்கையெல்லாம் தோல் உரிந்திருந்தது. மறுநாள் இப்படி ஏறுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. அன்று அவர் விங்கெகோரைவிட 2 நிமிடம் 10 விநாடி முன்னால் மேலே சேர்ந்தார். இங்கே ராத்திரி ஒன்பது மணி இருக்கும். டிவி முன்னால் எழுந்து நின்றே பார்த்தேன். மூன்று வருடத்தில் ஒரே மலையில் மூன்று நிமிடத்துக்கு மேல் கணக்கு திரும்பியிருக்கிறது.

நடுவில் என்ன நடந்தது? 2022ல் கிரானோன், 2023ல் கோல் டி லா லோஸ், இரண்டு ஏற்றங்களிலும் போகாச்சார் உடைந்துபோனார். லா லோஸின் உயரம் 2,304 மீட்டர். நம் ஊட்டியைவிடக் கொஞ்சம் மேலே. கிரானோன் 2,413. தொட்டபெட்டாவுக்குச் சற்றுக் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். நீண்ட ஏற்றம், உயரம், வெயில் மூன்றும் சேர்ந்தால் போகாச்சார் அவ்வளவுதான் என்று எல்லாரும் முடிவு கட்டினார்கள். லா லோஸில் "நான் போயிட்டேன், செத்துட்டேன்" என்று ரேடியோவில் அவர் சொன்னதைக் கேட்டவர்களுக்கு மறக்காது. எனக்கு அந்தக் குரல் நன்றாகப் புரிந்தது. ஏலகிரியின் பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்பதாவதில் ஒருமுறை எனக்கும் அப்படி ஆனது. பாட்டில் காலி, விரல் நுனியெல்லாம் மரத்துவிட்டது. கடலை மிட்டாயைக் கடித்து விழுங்கினேன், அது வயிற்றிலேயே கிடந்தது, காலுக்கு வரவில்லை. அந்த நிலையில் மனவலிமை என்ற பேச்சுக்கே இடமில்லை.

போகாச்சார் 2023க்குப் பிறகு பயிற்சியாளரை மாற்றினார். பெடலைத் தாங்கும் கையான கிராங்கின் நீளத்தை 165 மில்லிமீட்டராகக் குறைத்தார். வெயிலுக்கென்றே தனிப் பயிற்சி எடுத்தார். 2024ல் ஜிரோ, டூர், உலகச் சாம்பியன் பட்டம் மூன்றும் ஒரே வருடத்தில். 2025 டூரில் அதே லா லோஸில் விங்கெகோருக்குச் சில விநாடி முன்னாலேயே வந்தார். எங்கே அடி வாங்கினாரோ அந்த இடத்தையே சரி செய்துகொண்டு வந்திருக்கிறார்.

விங்கெகோரைக் குறைத்துச் சொல்ல மனம் வராது. அதிகாலையில் மீன் ஆலையில் வேலை பார்த்துவிட்டுப் பயிற்சிக்குப் போன பையன் அவர். 2024 ஏப்ரலில் பாஸ்க் பந்தயத்தில் விழுந்தபோது காறை எலும்பும் விலா எலும்புகளும் உடைந்தன, நுரையீரலில் துளை, பன்னிரண்டு நாள் ஆஸ்பத்திரி. மூன்று மாதத்தில் டூருக்கு வந்து, ல லியோரானில் போகாச்சாரைக் கடைசி மீட்டர்களில் முந்தி ஒரு ஸ்டேஜை, அதாவது ஒரு நாள் ஓட்டத்தை, ஜெயித்து, மொத்தத்தில் இரண்டாவது வந்தார். என்னைக் கேட்டால் அவர் முதலிடத்துக்கான மஞ்சள் ஜெர்சியோடு பாரிஸ் வந்த இரண்டு வருடங்களைவிட அந்த இரண்டாம் இடம் பெரிது.

ஆனால் தம்பியின் வாதம் 2025ல் நிற்கவில்லை. அந்த வருட டூருக்கு விங்கெகோர் முழு உடம்போடு வந்தார். இருந்தும் வித்தியாசம் 4 நிமிடம் 24 விநாடி. முக்கியமாக, கான் (Caen) நகரின் சமதள டைம் டிரையல், அதாவது ஒவ்வொருவரும் தனியாகக் கடிகாரத்தோடு போட்டியிடும் ஓட்டம். 33 கிலோமீட்டரில் போகாச்சாரிடம் ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டார். 2023ல் கோம்ப்ளூ டைம் டிரையலில் 22 கிலோமீட்டரில் 1:38 முன்னால் வந்தவர் இவர்! அவருடைய ஆயுதங்களாக இருந்தவை இரண்டு: நீண்ட உயரமான ஏற்றம், டைம் டிரையல். இரண்டிலும் இப்போது எதிராளி மேலே இருக்கிறார். வயதும் போகாச்சாரைவிட ஏறக்குறைய இரண்டு கூடுதல்.

எவனெபூல் வேறு மாதிரிக் கணக்கு. தனியாக ஓட்டும் டைம் டிரையலில் மூவரிலும் இவரே முதல். கானில் போகாச்சாரையே 16 விநாடி முந்தினார். பாரிஸ் ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம், ஸ்பெயினின் மூன்று வாரப் பந்தயமான வுவெல்டா 2022ல், 2024 டூரில் மூன்றாம் இடம். இதெல்லாம் 25 வயதுக்குள். ஆனால் மூன்று வாரமும் ஒரே சீராக இருப்பதுதான் வரவில்லை. 2023 வுவெல்டாவில் டூர்மலே ஏறும் நாளில் அரை மணி நேரம் போல இழந்தார். 2025 டூரில் அதே டூர்மலேயில் வண்டியை விட்டு இறங்கிவிட்டார். 2026ல் ரெட் புல் அணிக்குப் போகிறார். ஜிரோவோ வுவெல்டாவோ இன்னொன்று கிடைக்கலாம். போகாச்சார் இருக்கும் டூரில் மஞ்சள் கிடைக்கும் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

ஐசக் டெல் டோரோ, போல் செக்சாஸ் போன்ற இளசுகளைப் பற்றி இப்போதே ஆருடம் சொல்வது உல்ரிச் தவறையே திரும்பச் செய்வதாகும். விட்டுவிடுகிறேன்.

அப்படியானால் போகாச்சார் எத்தனை டூர் வெல்வார்? கையில் நான்கு. ஐந்து வென்றவர்கள் ஆங்கெத்தில், மெர்க்ஸ், இனோ, இந்துராய்ன் நால்வர்தான். இவர்களில் கடைசி டூரை மெர்க்ஸ் 29 வயதிலும், ஆங்கெத்திலும் இனோவும் 30லும், இந்துராய்ன் 31லும் ஜெயித்தார்கள். அதற்குப் பிறகு ஒருவருக்கும் இல்லை. போகாச்சாருக்கு இப்போது 27. ஒப்பந்தம் 2030 வரை. வயதுக் கணக்கில் நல்ல வருடங்கள் மூன்று, நான்கு மிச்சம்.

எனக்குக் கவலை அவர் கால்களைப் பற்றியல்ல. 2025 டூரின் மூன்றாவது வாரத்தில் மஞ்சள் ஜெர்சியிலும் அவர் முகம் வாடியிருந்தது. வுவெல்டாவுக்குப் போகவில்லை. அதே வருடம் ஒரு நாள் பந்தயங்களான மிலான்–சான் ரெமோவில் மூன்றாவது, பாரிஸ்–ரூபேயில் இரண்டாவது. அந்த இரண்டையும் ஜெயிக்கும் ஆசை அவர் ஓட்டும் விதத்திலேயே தெரிகிறது. அந்த ஆசை வளர வளர, ஜூலையின் மூன்று வாரங்கள் அவருக்குச் சுமையாகலாம். கீழே விழும் ஆபத்தோ எப்போதும் உண்டு. நான்கு டூர் வென்ற ஃப்ரூம் 2019ல் விழுந்த பிறகு பழைய ஃப்ரூமாக வரவே இல்லை.

என் கணிப்பு இதுதான். போகாச்சாருக்கு 2026ல் ஐந்தாவது டூர், 2028க்குள் ஆறாவது. ஏழாவதை அவர் தேடிப் போக மாட்டார். விங்கெகோருக்கு டூர் இனி இல்லை, போகாச்சார் விழுந்தாலோ விலகினாலோ தவிர. ஆனால் ஜிரோ கண்டிப்பாக உண்டு. டூர், ஜிரோ, வுவெல்டா என்ற மூன்று பெரிய பந்தயங்களையும் வென்றவர்கள் 2025 வரை ஏழே பேர். டூரும் வுவெல்டாவும் விங்கெகோரிடம் ஏற்கெனவே உண்டு. எட்டாவது பெயர் அவருடையதாக இருக்கும். தம்பியிடம் இதைச் சொன்னபோது பாதிக்குத்தான் சம்மதித்தான். டூர் விஷயத்தில் ஜூலையில் இதே கடையில் பேசிக்கொள்ளலாம் என்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டான்.