நூறு கேசட் போடக் கொடுத்தால்: சில வருடங்கள் கழித்துத் தெரிவது

பெட்டி வந்து இறங்கிய அன்று எல்லாக் கேசட்டும் அழகாகத்தான் இருக்கும். அட்டை பளபளக்கும், முதல் பாட்டும் நன்றாகவே ஒலிக்கும். நான்கைந்து வருடம் கழித்து அதே கட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போடும்போதுதான் வேலையின் தரம் வெளியே வரும். அதைத் தீர்மானிப்பவை ஆர்டர் கொடுக்கும்போது பலரும் கேட்காமல் விடுகிற விஷயங்கள்: எந்த முறையில் நகல், எவ்வளவு நீள நாடா, பிளாஸ்டிக் கூட்டுக்குள் என்ன இருக்கிறது, மாஸ்டர் (நகலெடுக்க நீங்கள் கொடுக்கும் மூலப்பதிவு) எவ்வளவு சத்தமாக இருக்கிறது.

நகலெடுக்க இரண்டு வழிகள் உண்டு. நாடா ஏற்றிய வெற்றுக் கேசட்டுகளை டெக்குகளில் (கேசட் பதிவுக் கருவிகளில்) வரிசையாகப் போட்டுப் பதிவது ஒன்று. பெரிய வட்டாகச் சுற்றிய நாடாவில் ஆல்பத்தை 64 அல்லது 80 மடங்கு வேகத்தில் திரும்பத் திரும்பப் பதிந்து, பிறகு துண்டு துண்டாக வெட்டிக் காலிக் கூடுகளில் ஏற்றுவது இன்னொன்று. ஆல்பத்துக்கும் ஆல்பத்துக்கும் நடுவே ஒரு கனத்த தாழ்சுருதி ஒலியைப் பதிந்திருப்பார்கள். ஏற்றும் இயந்திரம் அதைக் கண்டுகொண்டு வெட்டும். ஐம்பது, நூறு பிரதிகளுக்கு முதல் வழி, பல நூறு என்றால் இரண்டாவது வழி கட்டுப்படியாகும்.

முதல் வழியிலேயே ஒரு கண்ணி இருக்கிறது. டெக்கில் போட்டுப் பதிவதை நிகழ்நேரத்திலும் செய்யலாம், 16 மடங்கு வேகத்திலும் செய்யலாம். கேசட் நாடாவின் இயல்பு வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. 16 மடங்கு என்றால் நொடிக்கு 76 செ.மீ. அந்த வேகத்தில் நாடாவை நேராக ஓட வைக்க வேண்டிய பொறுப்பில் பெரும்பங்கு அந்தப் பிளாஸ்டிக் கூட்டின் தலையில் விழுகிறது. சொற்பொழிவுக்கு அது போதும். இசைக்கு வேண்டாம். நிகழ்நேரப் பதிவா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

இனி நீளம். சி-60, சி-90 என்று மட்டுமே யோசிக்க வேண்டியதில்லை. தொழிற்கூடங்கள் கேட்ட நிமிடத்துக்கு நாடா ஏற்றித் தருகின்றன. ஏ பக்கம் 22 நிமிடம் 10 நொடி, பி பக்கம் 20 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். நீளமான பக்கத்தோடு ஏறக்குறைய ஒரு நிமிடம் சேர்த்து, பக்கத்துக்கு 23 நிமிடம், அதாவது சி-46 கேளுங்கள். ஏறத்தாழ 66 மீட்டர் நாடா வரும். பதியும் டெக் 2 சதவீதம் வேகமாக ஓடினாலே 22 நிமிடப் பாட்டு 26 நொடிக்கான நாடாவைக் கூடுதலாகத் தின்றுவிடும். அந்த ஒரு நிமிடம் இல்லையென்றால் கடைசிப் பாட்டின் முடிவு அறுந்துபோகும்.

நீளமான பக்கம் எப்போதும் ஏ பக்கமாகவே இருக்கட்டும். ஏ பக்கம் சீக்கிரம் முடிந்து, கேட்பவர் நாடாவைக் கடைசிவரை ஓட்டாமல் திருப்பிப் போட்டால், பி பக்கம் பாட்டின் நடுவிலிருந்து தொடங்கும். மாஸ்டர் கோப்பின் தொடக்கத்தில் 8 முதல் 10 நொடி அமைதியும் விடுங்கள். காந்தப் பூச்சு இல்லாத முன்நாடா 30 செ.மீ. இருந்தால் ஆறு நொடிக்கு மேல் எதுவும் பதியாது. டெக்கில் போட்டுப் பதியும்போது முதல் ஸ்வரம் காணாமல் போவது இதனால்தான்.

மாஸ்டரைப் பாட்டுப் பாட்டாக அனுப்பாதீர்கள். பக்கத்துக்கு ஒரு கோப்பு, 24 பிட் வேவ், இடைவெளிகளோடு. இணையத்துக்கு என்று இறுக்கி அமுக்கிய மாஸ்டரை அப்படியே கொடுத்தால் சாதா இரும்பு ஆக்சைடு நாடா அதைத் தாங்காது. இந்த வேகத்தில் நாடா உச்சஸ்தாயி ஒலிகளில் வெகு சீக்கிரம் நிரம்பிவிடும். ஜால்ரா, சலங்கை, பாடகரின் ‘ஸ’, ‘ஷ’ ஆகியவை முதலில் மாட்டும். ஜால்ரா கிணுகிணுக்காமல் கரகரக்கும். மட்டத்தைக் கூட்டுவதால் எதுவும் சரியாகாது. சீறலைத் தனியாக அடக்கி, 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் மெதுவாகச் சரியவிட்டு, 40 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். தம்புரா மட்டும் ஒலிக்கும் ஆலாபனைத் தொடக்கம் இருந்தால் அதைப் பரிசோதனைப் பகுதியாக வைத்துக்கொள்ளுங்கள். இரைச்சல், வேக நடுக்கம் இரண்டும் அங்கே ஒளிய முடியாது.

குரோமியம் டையாக்சைடு பூசிய குரோம் நாடா கேட்கலாமா? இன்று அந்தப் பெயரில் கிடைப்பது பெரும்பாலும் பழைய இருப்பு. புதிதாக வரும் நாடா பெரும்பாலும் இரும்பு ஆக்சைடுதான். அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் உள்ள நேஷனல் ஆடியோ கம்பெனி, பிரான்ஸில் அவ்ராஞ்சில் உள்ள ரெக்கார்டிங் த மாஸ்டர்ஸ் போன்றவை அதைத் தயாரித்து வந்திருக்கின்றன. குரோம் எடுத்தால் உச்ச ஒலிகளைச் சமன்செய்யும் அளவு (ஈக்யூ) 70 மைக்ரோநொடியா 120 மைக்ரோநொடியா என்று கேட்டு அட்டையில் அச்சிடுங்கள். குரோம் என்று டெக்குக்குக் காட்டும் பள்ளம் இல்லாத கூட்டில் 70-க்குப் பதிந்த நாடாவை ஏற்றிவிட்டால், டெக் தானாக 120-க்கு மாறி, எல்லாம் கீச்சென்று கேட்கும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி பி முறை வேண்டவே வேண்டாம். இப்போது புதிதாக விற்கும் பெரும்பாலான பிளேயர்களில் அதைப் பிரிக்கும் வசதி கிடையாது. உச்சஸ்தாயி ஒலிகள் சீக்கிரம் நிரம்பாமல் காக்கும் எச்எக்ஸ் புரோ பதிவின்போது மட்டும் வேலை செய்வது, பிளேயரில் எதுவும் தேவையில்லை. அது இருந்தால் நல்லது.

எங்கள் கணிப்பில் ஆயுளை நிர்ணயிப்பது கூடுதான். ஐந்து திருகு போட்ட கூட்டைக் கேளுங்கள். ஒட்டவைத்த கூடு ஒழுங்காக ஓடும், ஆனால் நாடா உள்ளே சிக்கினால் உடைத்துத்தான் எடுக்க வேண்டும். உள்ளே இரு புறமும் வழுக்குத்தாள் இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைக்க அதை விட்டுவிட்டால், சில வருடத்தில் சுருள் பிளாஸ்டிக்கில் உரசிக் கீச்சிடும், சக்கரமும் இறுகும். ஹெட்டுக்கு (நாடாவைப் படிக்கும் காந்த முனைக்கு) எதிரே நாடாவை அழுத்தும் சின்னத் திண்டு, செம்பு நிறத் தகட்டு வில்லில் ஒட்டிய கம்பளித் துணியாக இருக்கட்டும். வெறும் பஞ்சில் ஒட்டியது வெப்பத்தில் பிசின் விட்டு விழுந்துவிடும். 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் நாடாவில் 4.76 மைக்ரான்தான். நாடா ஹெட்டிலிருந்து ஒரு மைக்ரான் விலகினாலே அந்த ஒலி சுமார் 11 டெசிபல் குறைந்துவிடும். திண்டு விழுந்த கேசட் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்பது இதனால்தான்.

கட்டு வந்ததும் நூற்றுக்கு ஐந்தையாவது எடுத்துக் கேளுங்கள். எல்லாம் ஒரே பெட்டியிலிருந்து வேண்டாம், ஏனென்றால் பல டெக்குகளில் ஒன்று மட்டும் கெட்டிருக்கலாம். ஒவ்வொன்றிலும் தொடக்கம், நடு, முடிவு, இரண்டு பக்கமும். நல்ல டெக் ஒன்றிலும், இன்று கடையில் கிடைக்கும் மலிவான பிளேயர் ஒன்றிலும் போட்டுப் பாருங்கள். வாங்குபவர்களில் பலரிடம் இருப்பது இரண்டாவதுதான். மொத்தமாகப் போடும் முன் வரும் ஒப்புதல் பிரதியின் கடைசியில் 10 நொடி 1000 ஹெர்ட்ஸ் ஒலி வைக்கச் சொன்னால் சுருதியை அளந்துவிடலாம். வேகம் சரியாகத் தெரிந்த டெக்கில் 1010 என்று காட்டினால் பிரதி ஒரு சதவீதம் மேலே போயிருக்கிறது. அரை ஸ்வரம் என்பது சுமார் 6 சதவீதம்.

இரண்டு பக்கங்களின் இடது, வலது என நான்கு தடங்களும் ஒரே நாடாவில் அருகருகே இருப்பதால் குறையின் மூலத்தைக் காதாலேயே பிடிக்கலாம். ஏ பக்கத் தொடக்கத்தில் ஒலி மங்கி, பி பக்க முடிவிலும் அதே அளவில் மங்கினால் நாடா அந்த இடத்தில் கசங்கியிருக்கிறது. இடது காதில் மட்டும் விட்டு விட்டுப் போனால் நாடாவின் ஓரம் அடிபட்டிருக்கிறது, இடது தடம் ஓரத்தில் இருப்பதால். பாட்டுக்கு அடியில் மறுபக்கம் தலைகீழாக முணுமுணுத்தால் பதிவு ஹெட்டின் உயரம் தவறு. இந்தக் கடைசிக் குறை ஒரு பிரதியோடு நிற்காது, அந்த டெக்கில் பதிந்த அத்தனையும் திரும்பப் போக வேண்டும்.

அட்டையில் தமிழுக்கென்று சில கவனங்கள் உண்டு. ஜே-கார்டின் (பெட்டிக்குள் மடித்து வைக்கும் அட்டையின்) முன்முகம் சுமார் 65 × 102 மி.மீ., முதுகு 12.5 மி.மீ. எழுத்துருவை எழுத்தாக அனுப்பாமல் கோட்டு வடிவமாக மாற்றி அனுப்புங்கள். இல்லையேல் அச்சகத்துக் கணினியில் கொம்பும் காலும் இடம் மாறி ‘கொ’ சிதைந்து வரும். முதுகில் 7 புள்ளிக்குக் கீழே இறங்காதீர்கள். கூட்டின் மேல் நேரடியாக அச்சிடும்போது ‘ண’, ‘ஞ’ ஆகியவற்றின் உள்வெளி மையால் அடைபடும், அதனால் அங்கே தடித்த எழுத்து வேண்டாம். கூட்டில் காகித லேபிளும் வேண்டாம். காரின் வெயிலில் ஓரம் கிளம்பி, ஸ்லாட்டுக்குள் சிக்கிக்கொள்ளும். கறுப்பு அட்டை மடிப்பில் வெள்ளை வெடிக்காமல் இருக்க, காகிதத்தின் இழை மடிப்புக்கு இணையாக ஓட வேண்டும், மடிப்புக் கோடும் முன்னதாக அழுத்தியிருக்க வேண்டும். 250 முதல் 300 ஜிஎஸ்எம் போதும். அதற்கு மேல் போனால் பெட்டி சரியாக மூடாது.

சென்னை, யாழ்ப்பாணம் போன்ற ஈரக் காற்றில் வைத்திருக்கும் மீதிப் பிரதிகளைச் செங்குத்தாக, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு, நாடா ஒரு முனைவரை முழுதாகச் சுற்றிய நிலையில் வையுங்கள். ஜன்னல் வழியாகச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பூஞ்சை. அதை டெக்கில் போடாதீர்கள், ஹெட் வழியாக அடுத்த கேசட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். திருகுக் கூடாக இருந்தால் திறந்து, நாடாவைப் புதுக் கூட்டுக்கு மாற்றும் முன் காய்ந்த மெல்லிய துணியில் மெதுவாக ஓட்டித் துடைக்கலாம். அதற்காகவே ஒவ்வொரு ஆர்டரிலும் ஐந்தாறு காலிக் கூடுகளைச் சேர்த்து வாங்கி வையுங்கள்.