ப்ளே தெரபி பேக்கேஜுக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

சென்னை ஓஎம்ஆர் பக்கம் ஒரு குழந்தைகள் தெரபி சென்டரில் எங்களுக்கு நடந்ததை எழுதுகிறேன். சென்டரின் பெயர் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. தவிர இதே மாதிரி இடங்கள் ஏரியாவுக்கு ஒன்று முளைத்திருக்கின்றன, அதனால் பெயரைவிட அவர்கள் தொழில் செய்யும் விதம் தெரிந்தால்தான் உங்களுக்கு உபயோகம்.

மகனுக்கு ஆறு வயது. பாப்பா பிறந்ததிலிருந்து வீட்டில் ரகளை, பள்ளியில் பக்கத்துப் பையனைக் கடிப்பது, மிஸ் அதட்டினால் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு வர மறுப்பது. பள்ளிக் கவுன்சிலர் ப்ளே தெரபி, அதாவது விளையாட்டு வழியாகக் குழந்தையின் மனதுக்குத் தரும் சிகிச்சை, பார்க்கச் சொன்னார். அதில் தப்பே இல்லை, இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆறு வயதுப் பிள்ளையை உட்காரவைத்து "ஏன்டா கடிச்ச" என்று கேட்டால் என்ன பதில் வரும்? பொம்மையைக் கையில் கொடுத்தால் அதன் மேல் எல்லாம் வெளியே வரும்.

சென்டரில் முதல் நாள் எங்களிடம் யாரும் உட்கார்ந்து பேசவில்லை. பிள்ளை எப்படித் தூங்குகிறான், வீட்டில் என்ன மாறியது, எப்போது தொடங்கியது, எதுவும் கேட்கவில்லை. ரிசப்ஷனில் ரேட் கார்டைத்தான் நீட்டினார்கள். 40 செஷன் 48,000 ரூபாய், முழுதாக முன்பணம், "இன்னிக்கே கட்டினா மட்டும்தான் இந்த ரேட்." ஜிபே பண்ணியதும் வாட்ஸ்அப்பில் ஒரு நன்றி ஸ்டிக்கர் வந்தது. பில் கேட்டால் "சிஸ்டம் டவுன் மேடம்." அந்த சிஸ்டம் கடைசி வரை எழுந்திருக்கவே இல்லை.

ரிசப்ஷனில் பெரிய டிவி, அதில் எல்லா அறைகளின் சிசிடிவியும் ஓடும். வெளிப்படைத்தன்மையாம். அழும் குழந்தை, தரையில் புரளும் குழந்தை என்று ஊரார் பிள்ளைகள் எல்லோரையும் காத்திருப்பவர்கள் டீ குடித்துக்கொண்டே பார்க்கலாம். கொடுமைதான், ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிந்ததும் அதில்தான்.

ஒரு நாள் இவன் குட்டிப் பாப்பா பொம்மையை எடுத்துத் தரையில் போட்டு அடித்தான். தங்கச்சி வந்த கோபம், வேறென்ன. இந்த சிகிச்சையில் தெரபிஸ்ட் காத்திருப்பதே அப்படி ஒரு நிமிடத்துக்குத்தான். உள்ளே இருந்த பெண் பொம்மையைப் பிடுங்கி அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, "குட் பாய்ஸ் அடிக்க மாட்டாங்க" என்று போர்டில் இருந்த ஸ்டாரை அழித்தார். அவன் மேசைக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டான். மீதி நேரம் முழுக்க அந்தப் பெண் போன் பார்த்தார்.

அமெரிக்க உளவியலாளர் வர்ஜீனியா ஆக்ஸ்லைன் இந்த சிகிச்சைக்காக 1947-இலேயே எழுதிவைத்த அடிப்படை, குழந்தை முன்னே போகட்டும், பெரியவர் பின்னால் போகட்டும் என்பது. அதற்காக எதை வேண்டுமானாலும் உடைக்கலாம் என்று அர்த்தமில்லை, எல்லை உண்டு. "உனக்குப் பாப்பா மேல ரொம்பக் கோபம். ஆனா என்னை அடிக்கக் கூடாது. இந்தத் தலையணையை அடிக்கலாம்." உணர்வைச் சொல்லி, எல்லையைச் சொல்லி, மாற்று வழியைக் காட்டுவது ப்ளே தெரபி பேராசிரியர் கேரி லாண்ட்ரெத் கற்றுக்கொடுத்த முறை, தெரபிஸ்ட் என்று சொல்லிக்கொள்கிறவருக்கு அது அத்துப்படியாக இருக்க வேண்டும். பொம்மையை அடித்ததற்குத் தண்டனை கொடுப்பதை எந்த முறையில் சேர்ப்பது?

அப்புறம், ஆள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ஒரு வாரம் ஒரு அக்கா, அடுத்த வாரம் இன்னொருவர். ஒரே ஆள், ஒரே அறை, போன வாரம் விட்ட இடத்தில் அதே பொம்மைகள் என்றுதான் இருக்க வேண்டும். அந்த நம்பிக்கை வராமல் எந்தக் குழந்தையும் உள்ளே இருப்பதைக் காட்டாது. பெற்றோரோடு மாதம் ஒரு முறையாவது பேச வேண்டும் என்று கேட்டால் "ப்ராக்ரஸ் ரிப்போர்ட் ஆப்ல வரும்" என்றார்கள். ஆப்பில் வந்ததெல்லாம் ஸ்மைலி. "இதுக்கா காசு, வீட்ல விளையாடினா ஆகாதா" என்று மாமியார் கேட்டார். மற்ற நாளாக இருந்தால் சண்டை போட்டிருப்பேன், இந்த இடத்தைப் பொறுத்தவரை அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

நான் கேள்வி கேட்கத் தொடங்கியதும் தொனி மாறியது. நடைபாதையில் நிற்கவைத்து "ஆட்டிசம் ட்ரெய்ட்ஸ் இருக்கு, ஓ.டி., ஸ்பீச் காம்போ எடுத்துக்குங்க" என்றார்கள், அதாவது ஆக்குபேஷனல் தெரபியும் பேச்சுப் பயிற்சியும் சேர்த்து. எந்த மதிப்பீடும் செய்யாமல்! ஐஎஸ்ஏஏ (ஆட்டிசத்தை மதிப்பிடும் இந்திய அளவுகோல்) போன்ற ஒன்றை வைத்து, பெற்றோரிடம் விவரமாகக் கேட்டு, குழந்தையைக் கவனித்துத் தகுதியுள்ளவர் சொல்ல வேண்டியதை, செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நின்று சொல்கிறார்கள். அன்று இரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டினோம், அவர் பொறுமையாகப் பார்த்துவிட்டு ஆட்டிசம் இல்லை என்றார்.

தகுதி விஷயத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் ப்ளே தெரபிஸ்ட் என்று தனிப் பதிவு கிடையாது, வார இறுதி ஆன்லைன் கோர்ஸ் முடித்தவரும் அப்படிப் போட்டுக்கொள்கிறார். ஆனால் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட், ஸ்பெஷல் எஜுகேட்டர் போன்றவர்கள் 1992 சட்டப்படி இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்சிஐயில் பதிவு செய்திருக்க வேண்டும். அந்தப் பதிவுக்கு சிஆர்ஆர் எண் இருக்கும், கேளுங்கள். சுவரில் மாட்டியிருப்பது ஓனருடைய சான்றிதழ், அறைக்குள் இருப்பது வேறொருவர், இதுதான் இவர்கள் வித்தை. உள்ளே போகிறவரின் எண்ணைக் கேளுங்கள். அந்த எண் இருந்தாலும் போதாது, விளையாட்டு சிகிச்சையில் என்ன பயிற்சி, யார் மேற்பார்வை என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் கிளம்பிவிடலாம். செலவு கட்டுப்படியாகாதவர்கள் சென்னை அருகே முட்டுக்காட்டில் உள்ள, மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிப்மெட் (NIEPMD), மாவட்டங்களில் உள்ள அரசு ஆரம்பகால இடையீட்டு மையங்கள் பற்றி விசாரியுங்கள். யாரிடம் போவதென்றே தெரியாவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலிமானஸ் 14416, தமிழிலேயே பேசலாம்.

எனக்கு இன்னும் ஆறாதது ரீல்தான். மேசைக்கடியில் இவன் அழுததை எடுத்து, முகம்கூட மறைக்காமல், சோகப் பாட்டுப் போட்டு, கடைசியில் அவன் சிரிக்கும் ஒரு பழைய துண்டை ஒட்டி "பிஃபோர் ஆஃப்டர்" என்று இன்ஸ்டாவில் போட்டிருந்தார்கள். பக்கத்து ஃப்ளாட் பெண் அனுப்பித்தான் தெரியும். கேட்டால் சேர்க்கைப் படிவத்தில் அலர்ஜி பற்றிய கேள்விக்குக் கீழே பொடி எழுத்தில் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேனாம். வக்கீல் நோட்டீஸ் போன பிறகு எடுத்தார்கள்.

பணம் இன்னும் வரவில்லை. "நான்-ரீஃபண்டபிள், வேணும்னா உங்க சின்னப் பாப்பாவுக்கு மாத்தித் தரோம்" என்கிறார்கள், கைக்குழந்தைக்கு! 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பில் தராததும், குறையான சேவைக்குப் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் நியாயமற்ற வணிக நடைமுறைதான். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் முதலில் புகார் செய்யலாம், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணமும் இல்லை. நாங்கள் ஆணையத்துக்குப் போயிருக்கிறோம். அந்த சென்டரில் பணம் கட்டி, இதே "சிஸ்டம் டவுன்" பதிலைக் கேட்டவர்கள் யாராவது இதைப் படித்தால் ஜிபே ஸ்க்ரீன்ஷாட்டையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழித்துவிடாதீர்கள், எங்கள் புகாரில் சாட்சியாக இருப்பது அவைதான்.