ஆனேக்கல் குளத்துக்கு வனாமியா, நன்னீர் இறாலா?

பெங்களூருவில் வேலை, ஆனேக்கல் பக்கம் ஒரு குளம் என்று இருப்பவர்களிடம் இறால் பேச்செடுத்தால் பாதிப்பேர் வனாமி என்ற கடல் இறாலைத்தான் சொல்கிறார்கள். நாங்கள் விட்டது நன்னீர் இறால்.

வனாமி நூறு, நூற்றிருபது நாளில் தயார். தலை சிறியது, சதை அதிகம். ஆனால் போர்வெல் நீரில் அது நிற்க பொட்டாசியமும் மக்னீசியமும் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அனுமதி வாங்குவது தனி அலைச்சல். நான் வளர்த்ததில்லை, தெரிந்தவர் குளத்தில் பார்த்ததைச் சொல்கிறேன்.

நன்னீர் இறாலுக்கு முட்டை பொரிந்த முதல் சில வாரங்கள் மட்டும் உப்புக் கலந்த நீர் வேண்டும். அதனால் குஞ்சு கடலோரப் பொரிப்பகத்திலிருந்து ஆக்சிஜன் பையில் வருகிறது. வால் சதை வெளுத்துக் குஞ்சுகள் சாகும் வெள்ளைவால் நோய்க்குப் பரிசோதனை முடிந்த குஞ்சுதானா என்று கேட்டு வாங்குங்கள். நீரில் காற்றூட்டும் ஏரேட்டர், தீவனம் எல்லாம் இரண்டுக்கும் உண்டு, அதை விடுங்கள்.

எங்களை இந்தப் பக்கம் இழுத்தது, எல்லோரும் குறை சொல்லும் விஷயம்தான்: ஒரே நாளில் விட்ட குஞ்சுகள் ஒரே அளவில் வளராது. உடம்பைவிட நீளமான நீலக் கொடுக்கோடு சில ஆண் இறால்கள் குளத்தை ஆளும். பக்கத்திலேயே விரல் நீளத்தில் சில பொடிகள் அப்படியே நிற்கும். பெரியவற்றை எடுத்துவிட்டால் பொடிகள் தடதடவென்று வளரும். மொத்தமாக வாங்கும் வியாபாரிக்கு இது தலைவலி, ஒரே கவுண்ட் (கிலோவுக்கு இத்தனை இறால் என்ற கணக்கு) கிடைக்காது. அவருக்கு விற்பதென்றால் வனாமியே சரி. வாரம் ஒருமுறை இழுவலை போட்டு, பெரியதை மட்டும் பொறுக்கி, அன்றே ஊருக்குள் விற்பவருக்கோ இதுவே வசதி. பத்து கிலோவுக்காகக் குளத்தை வற்றவைக்க வேண்டியதில்லை.

சதை குறைவு என்பது உண்மை. தலையை எடுத்தால் பாதிகூட மிஞ்சாது. “தலையை எடுத்துட்டு நிறுங்கண்ணே” என்று நம் ஆட்கள் கேட்பார்கள். பெங்களூரு வங்காளிகள் நேர்மாறு. தலைக்குள் இருக்கும் கொழுப்புக்காகவே முழுசாக வாங்குவார்கள், பேரமும் குறைவு.

குளிர்தான் பயம். நன்னீர் இறாலுக்கு 26 முதல் 31 டிகிரி நீர் வேண்டும். இங்கே மார்கழியில் தீவனம் எடுப்பதே குறைந்துவிடும். கோடையில் விட்டு, கார்த்திகைக்குள் பெரும்பகுதியைப் பிடித்துவிடுகிறோம். குளிர்காலத்தையும் தாண்டி வளர்த்தால் கட்டுமா என்று கேட்டால், நாங்கள் துணிந்து பார்க்கவில்லை.

குஞ்சுக்குப் பணம் கட்டும் முன் போர்வெல் நீரின் கடினத்தன்மையைப் பாருங்கள். லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை நல்லது. 300ஐத் தாண்டினால் வளர்ச்சி குன்றும். அந்த நீருக்கு இறாலை விட்டுவிட்டு கட்லா, ரோகு பக்கம் போய்விடுங்கள்.